சீருடைக் காசு யார் கொடுப்பது?

பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்றால் நம் வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கிறது. வெயில் மழையில் அலைய வேண்டாம். மாதம் பிறந்தால் சம்பளம். நாலு பேர் மதிக்கும் வேலை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பெண்கள் பலர் நர்ஸாகவும், வார்டு ஆயாவாகவும், பரிசோதனைக்கூட உதவியாளராகவும் போகிறார்கள். தம்பிமார்கள் வார்டு பாயாகவும், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராகவும் போகிறார்கள். சயான் மருத்துவமனை தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரேலில் கே.இ.எம்., டாட்டா மருத்துவமனைகள். கோவண்டியில் சதாப்தி மருத்துவமனை. இவை போக, இடையிலே எண்ணி மாளாத சிறு நர்சிங் ஹோம்கள்.

ஆனால் முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே ஒரு செலவு வந்து நிற்கிறது. அதுதான் சீருடை. பல தனியார் இடங்களில், "திங்கட்கிழமை வேலைக்கு வா, வரும்போது இரண்டு செட் ஸ்க்ரப் தைத்துக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சில இடங்களில் அவர்களே உடையைக் கொடுத்துவிட்டு, பகாரில் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த வழியில் போனாலும் காசு தொழிலாளியின் பையிலிருந்துதான் போகிறது. இது சரிதானா என்று நம்மவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரப் என்பது என்ன?

கழுத்து 'வி' வடிவில் வெட்டிய அரைக்கை மேல்சட்டையும், நாடா கட்டிய காற்சட்டையும் சேர்ந்ததுதான் ஸ்க்ரப். அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அப்படித் தேய்ப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல். கழுவும்போது உடுத்தியிருந்த உடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்னெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் வெள்ளை. விளக்கு வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டுக் கண் கூசியது. 1914-இல் சான் பிரான்சிஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், வெள்ளையை விட்டுக் கீரைப் பச்சைக்கு மாறினார். இரத்தச் சிவப்பையே பார்த்துக் களைத்த கண்ணுக்குப் பச்சையும் நீலமும் இதம் தரும் என்பது காரணம். நம் ஊர் மருத்துவமனைகளில் பச்சையும் நீலமும் அதிகமாகத் தெரிவது அழகுக்காக வந்த வழக்கம் அன்று, வேலைக்காக வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த உடை நம் மேனி அழகுக்காக உண்டானதல்ல. நோயாளியின் நலனுக்காகவும், வேலை ஒழுங்காக நடப்பதற்காகவும் உண்டானது. ஸ்டெதஸ்கோப் எப்படி ஒரு கருவியோ, கட்டுப் போடும் கத்தரிக்கோல் எப்படி ஒரு கருவியோ, அப்படியே இதுவும். கட்டிலையும் ஊசியையும் மருத்துவமனை வாங்கும். அந்தக் கட்டிலருகே நிற்பவர் உடுத்தும் உடையை மட்டும் அவரே வாங்க வேண்டும் என்பது என்ன கணக்கு?

விரிப்புக்கு ஒரு நியாயம், ஆயாவுக்கு ஒரு நியாயமா?

ஆபரேஷன் தியேட்டரில் வழக்கம் வேறு. அங்கே உடை மருத்துவமனையுடையது. உள்ளே போகும்போது எடுத்து உடுத்துகிறார்கள். வரும்போது கழற்றிக் கூடையில் போடுகிறார்கள். மருத்துவமனையே வெளுத்துக் கொடுக்கிறது. ஆகவே, சீருடையை நிர்வாகம் கொடுப்பதும் வெளுப்பதும் நடவாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நியாயம் தியேட்டர் கதவோடு நின்றுவிடுகிறது, வார்டுக்கு வருவதில்லை.

நோயாளி படுத்த விரிப்பை மருத்துவமனை வெளுக்கிறது. அந்த நோயாளியைத் தூக்கி உட்கார வைத்த ஆயாவின் உடையை, பத்துக்குப் பத்து கோலியில், அவள் பிள்ளையின் பள்ளிச் சட்டையோடு சேர்த்து அவளே துவைக்கிறாள். விரிப்பில் ஒட்டும் கிருமி ஆயாவின் உடையில் ஒட்டாதா?

ஒட்டும். ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைகளில் புழங்கும் துணிகளில் சில கிருமிகளைத் தடவி வைத்துப் பார்த்தார்கள். பருத்தி, ஸ்க்ரப் தைக்கும் பருத்தி–பாலியெஸ்டர் கலவை, முழுப் பாலியெஸ்டர் எல்லாம் அதில் அடக்கம். எல்லாக் கிருமிகளும் குறைந்தது ஒரு நாள் உயிரோடிருந்தன. சில, 90 நாட்கள் கடந்தும் சாகவில்லை. துணியில் கிருமி இருந்தாலே வீட்டில் நோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவது என் எண்ணமல்ல. ஆனால் ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, கைக்குழந்தையையும் வயதான மாமியாரையும் வைத்துக்கொண்டு வாழும் குடும்பத்துக்கு, இந்த உடையை எங்கே தொங்கவிடுவது என்பதே பெரிய கேள்வி. 2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபின், அந்தக் கேள்வியின் கனம் நமக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

சட்டமும் நியாயமும்

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று முதலாளி தம் விருப்பம்போல் முடிவு செய்ய முடியாது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, பிடித்தம் செய்யக்கூடியவை இன்னின்னவை என்று பட்டியல் போட்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அப்படியே பட்டியல் போடுகிறது. பட்டியலில் இல்லாததைப் பிடிக்கக் கூடாது. 'வசதிகள், சேவைகள்' என்ற தலைப்பில் பிடிப்பதற்கும் அரசின் அனுமதி வேண்டும். வேலைக்கு வேண்டிய கருவிகளையும் மூலப்பொருள்களையும் கொடுத்துவிட்டு, அதைச் 'சேவை' என்று கணக்கெழுதக் கூடாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. சீருடை கருவியா, இல்லையா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். கிருமி நடுவே நிற்கும் தொழிலாளிக்கு அது கருவிதான்.

1981-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 155-ஆம் உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு, தொழில் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் ஏற்படக் கூடாது என்கிறது. உலகம் ஏற்றுக்கொண்ட நியாயம் அது.

நம் மத்திய அரசே தன் நர்ஸுகளுக்கு என்ன செய்கிறது? ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, 2017 ஜூலை முதல் மத்திய அரசு நர்ஸுகளுக்கு உடைப்படி மாதம் 1,800 ரூபாய். மற்ற ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தபோதும், சுத்தத்தையும் பராமரிப்பையும் கருதி நர்ஸுகளுக்கு மட்டும் மாதாமாதம் என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதால், 2024 ஜனவரி முதல் இந்தப் படியும் 25 விழுக்காடு கூடியது. உடைக்கும் வெளுப்புக்கும் காசு ஆகும் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. சிறு நர்சிங் ஹோமில் அதே வேலையைச் செய்யும் நம் பெண்ணுக்கு மட்டும் காசு ஆகாதா?

"ஆள் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுச் சீருடையோடு போய்விடுகிறார், சிறிய ஆஸ்பத்திரிக்குக் கட்டுமா?" என்று நிர்வாகத்தார் கேட்கலாம். இந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு வழியும் உண்டு. உடையை மருத்துவமனையின் சொத்தாகவே வைத்துக்கொள்ளட்டும். எண் போட்டு, புத்தகத்தில் பதிந்து கொடுக்கட்டும். விலகும்போது திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். தலையணை உறையை எண்ணி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவா தெரியாது?

வேலையில் சேருமுன் கேளுங்கள்

நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. "வேலை கிடைத்ததே பெரிது, இதையெல்லாம் கேட்டால் கிடைத்ததும் போய்விடும்" என்று வாயை மூடிக்கொள்கிறோம். காண்டிராக்டர் மூலம் போகிறவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். சண்டை போடச் சொல்லவில்லை. பணிவாகவே நாலு கேள்விகள் கேட்கலாம். சீருடை யார் கொடுப்பது? ஆண்டுக்கு எத்தனை செட்? வெளுப்பது யார், அதற்குப் படி உண்டா? உடை மாற்ற அறையும் பூட்டு வைத்த அலமாரியும் உண்டா? ஒருவர் கேட்டால் அது தனியாள் குறை. ஒரு வார்டில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஸ்க்ரப் துணி இரத்தத்தைத் தடுக்காது. நனைந்தால் உள்ளே இறங்கிவிடும். அழுக்கு வேலைக்கு மேலே பிளாஸ்டிக் ஏப்ரன், கையுறை, முகக்கவசம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனங்களைக் கொடுப்பதும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்வதும் நிர்வாகத்தின் கடமை. "சீருடைதான் போட்டிருக்கிறாயே" என்று சொல்லிக் கையுறையை மறுப்பவரிடம் ஏமாந்துவிடக் கூடாது.

வாங்கத்தான் வேண்டுமென்றால்

நியாயம் கிடைக்கும்வரை திங்கட்கிழமை காத்திருக்காது. கைக்காசு போட்டு வாங்க வேண்டியவர்கள், அந்தக் காசாவது வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நிறம். மருத்துவமனைக்கு மருத்துவமனை நிறம் மாறும். ஒரே மருத்துவமனையில் நர்ஸுக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று என்றும் இருக்கும். வாய்ச்சொல்லை நம்பிப் பச்சை என்று வாங்கிவிட்டு, அது வேறு பச்சை என்று திரும்பி வருவானேன்? அங்கே வேலை செய்பவரிடம் ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது துணி. முழுப் பருத்தி வேர்வையை உறிஞ்சும், உடம்புக்குச் சுகம். ஆனால் சுருங்கும், கசங்கும், மழைக்காலத்தில் காயாது. முழுப் பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், கசங்காது. ஆனால் மும்பைப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் உடுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்! இரண்டும் கலந்த டெரிகாட்டன்தான் நம் நிலைக்கு ஏற்றது. அதிலும் பருத்தி கூடுதலாக உள்ளதைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்ப முடியாவிட்டால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோல் சுருளும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும்.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கை நிழல் தெளிவாகத் தெரிந்தால் அது வேலைக்கு ஆகாத மெல்லிய துணி. கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் துணி முதல் துவைப்பில் துவண்டுவிடும்; இரு விரல்களுக்கிடையில் கசக்கினால் கஞ்சி உதிர்வது தெரியும்.

பிறகு அளவு. கண்ணாடி முன்னால் நின்று மட்டும் பார்த்தால் போதாது. கையை மேலே தூக்குங்கள்; சட்டை இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. குனியுங்கள், கழுத்துத் திறப்பு கீழிறங்கக் கூடாது. குந்தி உட்காருங்கள், காற்சட்டை எங்கும் இழுக்கக் கூடாது. நோயாளியைத் தூக்கும் வேலையில் இம்மூன்றும் நாள் முழுக்க நடக்கும். காற்சட்டை நுனி தரையைத் தொடாமல் கணுக்காலோடு நிற்க வேண்டும். இடுப்புக்கு வெறும் எலாஸ்டிக் வேண்டாம். அது ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். நாடாவும் சேர்ந்திருக்கட்டும். பையின் மூலைகளில் இரட்டைத் தையல் வேண்டும். பேனா, கத்தரிக்கோல், போன் எல்லாம் அங்கேதான் தொங்கப் போகின்றன. பெண்கள் சற்று அழுத்தமான நிறம் அனுமதிக்கப்படுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. மாத நாட்களில் கவலையில்லாமல் வேலை செய்யலாம்.

கை நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2007-இல் முழங்கைக்குக் கீழே துணியோ, கடிகாரமோ, வளையலோ இருக்கக் கூடாது என்று நோயாளியைத் தொடும் ஊழியர்களுக்குக் கட்டளை போட்டார்கள். கையை ஒழுங்காகக் கழுவ வேண்டும் என்பதே நோக்கம். நம் பெண்கள் கண்ணாடி வளையலோடு வார்டுக்குப் போகும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எத்தனை செட்? இரண்டு போதும் என்பார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொட்டும் மழையில் இரண்டை வைத்துக்கொண்டு ஈரத் துணியோடு டூட்டிக்குப் போக வேண்டியதுதான். மூன்று இருந்தால் ஒன்று உடலில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில்.

தயார் உடை இன்று சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரங்கள் வரை போகிறது. விலை கூடிய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். தாதர் இந்துமாதாவிலோ மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ மொத்தமாகத் துணி எடுத்துத் தைத்துக்கொண்டால் மலிவு. 58 அங்குல அகலத் துணியில், நடுத்தர உடம்புக்கு ஒரு செட் தைக்க ஏறக்குறைய மூன்று மீட்டர் பிடிக்கும். ஒரு வார்டைச் சேர்ந்த பத்துப் பேர் ஒன்றாகப் போய்த் தானாக எடுத்தால் விலையும் குறையும், நிறமும் ஒன்றாக இருக்கும். தையலுக்கு எங்கும் அலைய வேண்டாம். பெரிய கடைகளில் தொங்கும் உடைகளைத் தைக்கும் கைகள் நம் தாராவி மாடிகளிலேயே இருக்கின்றன. நம் தமிழர் சங்கங்கள் இந்தக் கூட்டுக் கொள்முதலை ஏற்று நடத்தினால், வேலைக்குச் சேரும் ஏழைப் பெண்ணுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

துவைப்பதும் வேலைதான்

டூட்டி உடையோடு ரயில் ஏறுவதை விட்டுவிட வேண்டும். சயானிலும் குர்லாவிலும் நெரிசலில் நம்மீது சாய்கிறவர்கள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும்கூட. மாற்றுடை எடுத்துப் போங்கள். கழற்றியதைத் தனிப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் தனி வாளியில் துவையுங்கள்.

பிரிட்டன் அரசு மருத்துவத் துறை தன் ஊழியர்களுக்குச் சொல்வது இதுதான்: 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் துவைத்தால் ஏறக்குறைய எல்லாக் கிருமியும் போய்விடும். நம் வீட்டில் மெஷினும் இல்லை, வெப்பமானியும் இல்லை. பரவாயில்லை. நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். சோப்புத் தூள் போட்டு, துணியை அமிழ்த்தி, வாளியை மூடி வையுங்கள். கையை உடனே விடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். இரத்தக் கறை இருந்தால் மட்டும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு வெயில், அதன்பின் சூடான இஸ்திரி.

இதைப் படிக்கும்போதே ஒரு கேள்வி எழும். நாள்தோறும் வெந்நீருக்குக் காஸ் யார் காசு? சோப்பு யார் காசு? குழாயில் தண்ணீர் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இதற்கென்று ஒரு வாளியை ஒதுக்குவது யார்? டூட்டி முடிந்து வந்தபின் இந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா? பிரிட்டனில் தன் சீருடையைத் தானே வெளுக்கும் நர்ஸுக்கு ஆண்டுக்கு 125 பவுண்டு வருமான வரிக் கணக்கில் கழிவு உண்டு. அங்கே அதைச் செலவு என்று எழுதுகிறார்கள். இங்கே நம் பெண்களின் வெந்நீரும் உழைப்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். வாங்குகிறவரை கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். வாங்க வைப்பது நியாயமில்லை என்பதையும் சேர்ந்து சொல்ல வேண்டும். சங்கங்களில் இருப்பவர்கள், யூனியனில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி அலுவலகங்களில் கணக்கெழுதும் நம் குமாஸ்தாக்கள் இதில் முன்னே நிற்கலாம். பிடித்தத்துக்கான வரியை எழுதும் பேனா அவர்கள் கையில்தான் இருக்கிறது. "இந்தப் பிடித்தம் எந்தப் பிரிவின்படி?" என்று மேலதிகாரியை அடக்கமாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே, எத்தனையோ ஆயாக்களின் முதல் மாதச் சம்பளம் முழுசாக வீடு போய்ச் சேரும்.